மெலிஞ்சிட்டாய், உடம்பு வைச்சிட்டாய்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இன்று காலை பாடசாலை வாசலில் ஒருவரையொருவர் கண்டதும் என்ன சொன்னோம்? "என்னடி, நல்லா மெலிஞ்சிட்டாய்", "நீ உடம்பு வைச்சிட்டாய்." நாங்கள் சிரித்துவிட்டுப் போகலாம். பக்கத்தில் நின்ற பதினான்கு வயது மகளுக்கு அது அப்படிப் போகாது.

பட்டினி கிடப்பதும், அளவுமீறி உண்டு வாந்தியெடுப்பதும் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் வருத்தம் என்று பலர் நினைக்கிறோம். இங்கிலாந்தின் பிரட்ஃபோர்ட் நகரப் பாடசாலை மாணவிகளிடையே செய்யப்பட்ட ஆய்வொன்று 1988இல் வெளியானது. உண்டு வாந்தியெடுக்கும் புலிமியா நோய் வெள்ளையின மாணவிகளில் 0.6 சதவீதமானோருக்கும், தெற்காசியக் குடும்பத்து மாணவிகளில் 3.4 சதவீதமானோருக்கும் இருந்தது. அது ஒரு நகரத்தின் கணக்குத்தான். ஆனால், மரபு இறுக்கமாக இருந்த வீட்டுப் பிள்ளைகளிடமே உணவு, உடல் பற்றிய கவலை கூடுதலாக இருந்தது என்று தொடர்ந்து கண்டார்கள். சோறும் கறியும் தாய்மொழியும் மட்டும் காப்பாகிவிடா. வீட்டில் ஒரு முகம், பாடசாலையில் ஒரு முகம் என்று வாழும் பிள்ளைக்குத் தன் சொற்படி நடப்பது தன் வயிறு ஒன்றுதான் என்று தோன்றலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த எங்கள் உறவுப் பிள்ளை, சாப்பிட்டு எழும்பியதும் நேரே குளியலறைக்குப் போவாள். மூன்று கிழமை பார்த்தேன். "தண்ணி ஒத்துக்கொள்ளேல்லை" என்று தாய்க்குச் சொன்னேன். வைத்தியரான நானே பிழைவிட்டேன். அவள் பருமனும் இல்லை, மெலிவும் இல்லை. புலிமியாவில் நிறை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும் என்பதைப் படித்தவள் நான்.

தாய்மாரே, மாதவிடாய் நிற்றல், எந்நேரமும் குளிருதல், பல் தேய்தல், விரல் மொழிகளில் தழும்பு, சேர்ந்து உண்ண மறுத்தல் ஆகியவற்றைக் கவனியுங்கள். அடிக்கடி வாந்தியெடுத்தால் இரத்தத்தில் பொற்றாசியம் குறையும், இதயத் துடிப்புக் குழம்பும், உயிரும் போகலாம். ஏசாதீர்கள், கோவில் நேர்த்தியோடு நிறுத்தாதீர்கள். தனியே இருத்திக் கேளுங்கள். வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். இது குணப்படுத்தக்கூடிய நோய். ஊர் என்ன சொல்லும் என்று ஒளித்த மாதங்கள்தான் வீண்.

இனித் தேநீர் வேளை. தோழியின் மகளைக் கண்டால் அவள் உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். என்ன படிக்கிறாய், எது பிடிக்கும் என்று கேளுங்கள்.