விசையும் எழுத்தும்

மயிலாப்பூரில் தெப்பக்குளத்தை அடுத்த தெரு ஒன்றிலே தட்டெழுத்துப் பயின்றவன் நான். அங்கே விசைக்கும் எழுத்துக்கும் இருந்த உறவு இரும்பால் ஆனது. விசையைத் தட்டினால் அதனோடு பிணைந்த கம்பி எழும்பித் தன் அச்சைத் தாளில் பதிக்கும். வேறொன்றைப் பதிக்க அதனால் இயலாது. 'கொ' வேண்டுமாயின், கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே கொம்பு, ககரம், கால் என மூன்று முறை தட்டுவோம்.

கணிப்பொறியில் அந்தப் பிணைப்பு அறுந்துவிடுகிறது. விசை உள்ளே அனுப்புவது எழுத்தை அன்று. தான் இன்ன விசை என்பதற்குரிய ஓர் எண்ணை மட்டுமே. அவ்வெண்ணுக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது மென்பொருள்.

இதை நான் அறிந்துகொண்ட விதம் இனிதன்று. 1990களில், நாற்பது பக்கக் கட்டுரை ஒன்றை வட்டில் பதிந்து, தியாகராய நகரில் ஓர் அச்சகத்துக்குக் கொண்டு சென்றேன். திரையில் வந்தவை பொருளற்ற குறிகள்! வட்டு பழுதுபடவில்லை, எண்கள் அப்படியே இருந்தன. எனது எழுத்துருவின் அட்டவணை வேறு, அவர்களுடையது வேறு. நாற்பது பக்கங்களையும் மீண்டும் தட்டினோம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக 'தமிழ் 99' விசைப்பலகை வந்தது. எழுத்துகள் 247 ஆயினும், பன்னிரண்டு உயிருக்கும் பதினெட்டு மெய்க்கும் ஆய்தத்துக்குமாக 31 விசைகளே போதும். உயிர்கள் இடப்புறம், மெய்கள் பெரும்பாலும் வலப்புறம். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு தட்டுகள். முதல் மகரத்துக்குப் புள்ளி வைப்பதும், அடுத்ததனோடு ஆகாரத்தைச் சேர்ப்பதும் மென்பொருளின் வேலை. தொல்காப்பியர் கண்டால் மகிழ்ந்திருப்பார் என்பது என் எண்ணம். ஆனால் 'மமதை' எழுத விரும்புவோர், முதல் மகரத்தை அடுத்து அகரத்தையும் தட்டவேண்டும்; இல்லையேல் அங்கும் புள்ளி விழுந்துவிடும்.

அட்டவணைச் சிக்கலைத் தீர்த்தது யூனிகோடு. 2010இல் தமிழக அரசும் அதனை ஏற்றது. அதிலே 'கொ' ககரமாகவும் ஒகரக் குறியாகவும் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் வரைவது திரைக்கு மட்டுமே.

மாணவர்கள் இன்றே சோதித்துப் பார்க்கலாம். கைப்பேசியில் 'கொ' எழுதி, பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டுங்கள். சில செயலிகளில் எழுத்து முழுதும் மறையும். பலவற்றில் கொம்பும் காலும் ஒருங்கே நீங்கி, 'க' மட்டும் நிற்கும்.