படகில் ஏறாத பெண்ணும் படக்கதைப் பெண்ணும்



தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்த காலத்து வழக்கம் ஒன்றை நம் கடற்கரைப் பெரியவர்கள் சொல்வார்கள். கல்லின் பாரத்தில் ஒருவர் கடலுக்குள் இறங்குவார். அவரைக் கட்டிய கயிறு மேலே படகில் நிற்பவர் கையில் இருக்கும். கீழேயிருந்து கயிறு அசைந்ததும் நொடி தாமதிக்காமல் இழுத்தாக வேண்டும். அந்தக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்களாம். கூடப்பிறந்தவள் தாலியறுத்து நிற்பதை எந்தச் சகோதரனும் பொறுக்க மாட்டான் என்பது கணக்கு.

கேட்கும்போதே நெஞ்சைத் தொடும் செய்திதான். ஆனால் அந்தப் படகைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குளிப்பவர் இருக்கிறார், கயிறு பிடிப்பவர் இருக்கிறார். இருவரையும் உறவாக்கியவள் ஒரு பெண். அவள் பொருட்டுத்தான் அந்தப் பிடி இறுகுகிறது. அவள் மட்டும் படகில் இல்லை. அன்றைக்குக் கரையில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள், அவளுக்கு என்ன ஆசை இருந்தது என்று யாரும் சொல்வதில்லை.

சூப்பர் ஹீரோ காமிக்ஸில் பெண்களை எப்படிக் காட்டினார்கள் என்று பேச வந்தவன் முத்துக்குளிப்பில் தொடங்கியதற்கு இதுதான் காரணம். உலகம் முழுவதும் படக்கதைகளில் பெண்ணுக்குப் பெரும்பாலும் இந்த இடத்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள். நாயகன் பறப்பான், பாய்வான், சுவரேறுவான். ஏன் என்று கேட்டால் ஒரு பெண்ணைக் கைகாட்டுவார்கள்: கடத்தப்பட்ட காதலி, கொல்லப்பட்ட மனைவி. கதைக்குக் காரணம் அவள். கதைக்குள் அவளுக்கு வேலை இல்லை.

நம் தமிழ் காமிக்ஸிலிருந்தே பார்ப்போம். தூத்துக்குடியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சிவகாசியில் 1972இல் சௌந்திரபாண்டியன் ‘முத்து காமிக்ஸ்’ தொடங்கினார். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நகருமே, அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றைக்கும் அந்தப் பெயரைக் கேட்டால் முகம் மலர்வார்கள். அந்தக் கதைகளில் வந்த ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லுங்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வெகு நேரம் யோசிப்பார்கள்.

மாயாவி முதலில் வெளிவந்தது 1962இல் தொடங்கிய ‘வேலியன்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில். அந்த நாட்டில் அப்போது பையன்களுக்குத் தனி இதழ்கள், பெண்பிள்ளைகளுக்குத் தனி இதழ்கள். ‘வேலியன்ட்’ பையன்களுடையது, ‘பன்ட்டி’ பெண்பிள்ளைகளுடையது. கப்பலேறி நம் கைக்கு வந்து சேர்ந்ததில் பெரும்பகுதி பையன்களின் பங்கு. அண்ணன் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, கெஞ்சி வாங்கிப் புரட்டிய தங்கைகள் எத்தனையோ பேர். அவர்கள் ஆசையாகத் திறந்த உலகத்தில் அவர்களைப் போல் ஒருத்திகூட இல்லை. இரும்புக்கையைத் தங்கள் கையாக நினைத்துக்கொள்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

பெண்கள் இருந்த கதைகளில் மட்டும் நிலைமை வேறா? லீ ஃபாக் 1936இல் படைத்த ஃபேண்டம், நமக்கெல்லாம் வேதாளர். அவருடைய காதலி டயானா பால்மர் துணிச்சல்காரியாகத்தான் அறிமுகமாகிறாள். பிற்காலக் கதைகளில் ஐக்கிய நாடுகள் சபையில் வேலையும் பார்க்கிறாள். இத்தனை இருந்தும் அவளைக் கடத்துவதும் மீட்பதுமாகப் பக்கங்கள் ஓடின. கல்யாணம் நடந்தது 1977இல். 41 ஆண்டு காத்திருப்பு! இன்னொன்றையும் கவனியுங்கள். அதே தொடரின் இரண்டாவது கதையில் விமானம் ஓட்டிக் கொள்ளையடிக்கும் பெண்கள் படையே வருகிறது. தலைமையும் பெண்தான். திட்டம் போடுகிறார்கள், ஆணையிடுகிறார்கள், ஆபத்துக்கு அஞ்சாமல் பறக்கிறார்கள். ஆனால் அவர்கள் வில்லிகள். அந்தக் காலப் படக்கதைகளில் இது வாடிக்கை. நல்லவள் என்றால் காத்திருப்பாள், கெட்டிக்காரி என்றால் கெட்டவளாக இருப்பாள். பேட்மேன் கதைக்குள் 1940இல் நுழைந்த பூனைப்பெண்ணும் திருடியாகத்தான் வந்தாள்.

வேதாளர் பரம்பரையிலேயே ஒரு பெண் முகமூடி போட்டது உண்டு. 1952இல் வந்த கதையில் பதினேழாம் வேதாளரின் இரட்டைச் சகோதரி ஜூலி, அண்ணனால் இயலாத நேரத்தில் அந்த உடையை அணிந்து காட்டுக்குள் போகிறாள். காடு அவளுக்கும் கட்டுப்படுகிறது. ஒரு கதைக்கு மட்டும்தான் அந்த உரிமை. பிறகு முகமூடி ஆண் வாரிசுக்கே திரும்பிவிடுகிறது.

1941இல் வில்லியம் மார்ஸ்டன் என்ற உளவியலாளர் வொண்டர் உமனை உருவாக்கினார். பெண்கள் மட்டுமே வாழும் தீவிலிருந்து வந்தவள், ஆண் நாயகர்களுக்கு வலிமையில் ஈடானவள். அடுத்த ஆண்டே அவளை நாயகர்களின் சங்கத்தில் சேர்த்தார்கள். கொடுத்த பொறுப்பு செயலாளர். அவர்கள் சண்டைக்குப் புறப்பட, அவள் குறிப்பெழுதிக்கொண்டு இருந்தாள்! மார்ஸ்டன் மறைந்த பின் மற்றவர்கள் அவளைக் காதல் கதைகளுக்குள் இழுத்தார்கள். 1968இல் சக்திகளையும் பறித்து, துணிக்கடை நடத்த வைத்தார்கள். 1972இல் குளோரியா ஸ்டைனம் உள்ளிட்ட பெண்கள் தொடங்கிய ‘மிஸ்’ என்ற பத்திரிகை, பழைய வொண்டர் உமனை அட்டையில் போட்டு அவளை மீண்டும் வலிமையோடு பார்க்க விரும்புவதை உலகுக்குச் சொன்னது. மறு ஆண்டு அவளுடைய சக்திகள் திரும்பி வந்தன.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி இனிமேல்தான் வருகிறது. 1988இல் வந்த ஒரு புகழ்பெற்ற பேட்மேன் கதையில், காவல் ஆணையரின் மகள் பார்பரா கார்டன் கதவைத் திறக்கிறாள். வெளியே நிற்கும் ஜோக்கர் சுடுகிறான். அவள் இடுப்புக்குக் கீழே செயலிழக்கிறாள். அவள் வெறும் மகள் இல்லை, பல ஆண்டுகள் பேட்கேர்ள் என்ற பெயரில் குற்றவாளிகளோடு போராடியவள். அந்தக் கதைக்கு அது பொருட்டே இல்லை. அவள் சுடப்படுவது அவளுடைய அப்பாவின் மன உறுதியைச் சோதிப்பதற்காக. வலி அவளுடையது, சோதனை ஆண்களுடையது. 1994இல் கிரீன் லேன்டர்ன் கதையில் இன்னும் மோசம். நாயகனின் காதலியைக் கொன்று குளிர்பதனப் பெட்டிக்குள் திணித்து வைக்கிறான் வில்லன், நாயகன் வந்து திறந்து பார்ப்பதற்காக. இதைப் பார்த்து மனம் கொதித்த கெய்ல் சிமோன் என்ற வாசகி 1999இல், இப்படிக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பெயர்களைத் தொகுத்து வெளியிட்டார். பட்டியல் நீண்டுகொண்டே போனது. அந்த வாசகிதான் பின்னாளில் பேட்கேர்ள் கதையையும் வொண்டர் உமன் கதையையும் எழுதிய எழுத்தாளர் ஆனார்.

பார்பராவை அப்படியே விட்டுவிட மனமில்லாத இருவர் இருந்தார்கள். கிம் யேல், ஜான் ஆஸ்ட்ரேண்டர் என்ற எழுத்தாளர் தம்பதி. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கணினி வழியாக மற்ற நாயகர்களுக்கெல்லாம் தகவலும் வழியும் சொல்லும் ‘ஆரக்கிள்’ என்று அவளுக்குப் புது வாழ்வு கொடுத்தார்கள். எழுதுகிறவர் மனம் வைத்தால் போதும், ஒரு பாத்திரம் பிழைத்துக்கொள்ளும்.

இதெல்லாம் அமெரிக்கச் சங்கதி என்று நாம் ஒதுங்க முடியாது. தமிழில் இன்று அதிகம் கொண்டாடப்படும் காமிக்ஸ் நாயகர்களில் ஒருவர் இத்தாலியில் 1948இல் பிறந்த டெக்ஸ் வில்லர். சூப்பர் சக்தி எதுவும் இல்லாத கௌபாய். அவருடைய மனைவி லிலித், நவஹோ இனப் பெண். வியாபாரிகள் கொடுத்த அம்மை நோய் ஒட்டிய கம்பளிகளால் அவள் இறந்துபோகிறாள். டெக்ஸ் பழிவாங்கப் புறப்படுகிறார். நானும் அந்தக் கதைகளின் ரசிகன்தான். இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது: லிலித் எப்படிச் செத்தாள் என்று தெரிந்த அளவுக்கு அவள் எப்படி வாழ்ந்தாள் என்று நமக்குத் தெரியாது.

இந்த இடத்தில் நம் கண்ணகியை நினைத்துக்கொள்கிறேன். இளங்கோவடிகள் அந்த முறையை அன்றைக்கே தலைகீழாக்கியிருக்கிறார். கொலையுண்டவன் கணவன், புறப்படுகிறவள் மனைவி. சிலம்பை உடைத்ததும் தெறித்தது மாணிக்கம். அரசியின் சிலம்பிலோ முத்து. பாண்டியன் முத்து என்றால் நம் கொற்கைக் கடலின் முத்துதானே! காப்பியத்தின் முதல் பாதியில் பேச்சே அதிகம் இல்லாத பெண், மன்னன் முன்னால் வழக்குரைக்கிறாள், வெல்கிறாள், பிறகு ஊரை எரிக்கிறாள். எரியும்போதும் முதியோரையும் குழந்தைகளையும் தீண்டக்கூடாது என்று தீக்கு ஆணையிடுகிறாள். ஆற்றலும் அவளுடையது, அதன் வரம்பும் அவள் வகுத்தது. இப்படி ஒருத்தியைக் காப்பியத் தலைவியாகக் கொண்ட மொழி, காமிக்ஸில் மட்டும் ஏன் கடத்தப்படும் பெண்ணோடு திருப்திப்பட வேண்டும்?

திருப்திப்படாத ஒரு தருணமும் உண்டு. 1984இல் சிவகாசியில் எஸ். விஜயன் ‘லயன் காமிக்ஸ்’ தொடங்கியபோது முதல் இதழின் பெயர் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. ஒரு தமிழ் காமிக்ஸ் இதழ் பெண்ணை முன்னிறுத்திப் பிறந்தது. அதே ஆண்டு தொடங்கிய ‘ராணி காமிக்ஸ்’ ஜேம்ஸ் பாண்டோடு வந்தது. அதன் முதல் இதழ் ‘அழகியைத் தேடி’. ஒரு கடையில் இரண்டும் அடுத்தடுத்துத் தொங்கியிருக்கும். ஒன்றில் அழகியைத் தேடிப் போகிறார்கள், மற்றதில் அவளே கிளம்பிப் போகிறாள்.

மாடஸ்டி பிளைசியை எழுதியவர் பீட்டர் ஓ’டானல். தொடர் 1963இல் லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் ஈரானில் ராணுவப் பணியில் இருந்த அவர், தன்னந்தனியாக வந்த அகதிச் சிறுமி ஒருத்தியைப் பார்த்தார். பசியோடு இருந்தும் நிமிர்ந்து நின்ற அந்தப் பிள்ளை அவர் மனதில் தங்கிவிட்டாள். இருபது ஆண்டு கழித்து அவள்தான் மாடஸ்டி ஆனாள். பெற்றோர் இல்லை, ஊர் இல்லை, பிழைத்துக் கிடந்து தானாக உயர்ந்தவள். கூடவே கார்வின், கத்தி வீசுவதில் சூரன். அவர் அவளுக்குத் துணை, அவள் அவருக்குத் தலைவி. காதல் கிடையாது, நம்பிக்கை உண்டு. நம் வாசகர்கள் அவளை இளவரசி என்றே அழைத்தார்கள். அவளையும் ஓவியர்கள் தேவையே இல்லாத இடங்களில் அரைகுறை ஆடையில் வரைந்திருக்கிறார்கள். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனாலும் ஒரு பக்கத்தைப் புரட்டினால், அடுத்து என்ன நடக்கும் என்பது அவள் என்ன முடிவெடுக்கிறாள் என்பதில்தான் இருக்கும். ஒரு பெண் பாத்திரத்தை எடைபோட எனக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

உடையைப் பற்றித்தான் பலரும் சண்டை போடுகிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. இடுப்பை ஒருபக்கமும் மார்பை ஒருபக்கமும் முறுக்கிக்கொண்டு எந்தப் பெண்ணும் சண்டை போட முடியாது. 2012இல் ஓவியர்கள் பலர், ஹாக்கை என்ற ஆண் நாயகனை அதே கோணங்களில் வரைந்து காட்டினார்கள். பார்த்தவுடனே அபத்தம் புரிந்தது. ஆனால் உடையை மட்டும் திருத்திவிட்டு அவளை மறுபடியும் காத்திருக்க வைத்தால் என்ன லாபம்? 2014இல் தன் சொந்த இதழோடு வந்த மிஸ் மார்வெல் கமலா கான் என்ற பாகிஸ்தானிய அமெரிக்கப் பெண்பிள்ளையைப் பாருங்கள். உருமாறும் சக்தி கிடைத்ததும் அவள் முதலில் பொன்னிறக் கூந்தல் நாயகியாக மாறுகிறாள். அது தனக்குப் பொருந்தவில்லை என்று அவளே கண்டுகொண்டு, தன் முகத்தோடும் தன் நிறத்தோடும் நிற்கிறாள். சனா அமானத் என்ற பெண் ஆசிரியரும் வில்லோ வில்சன் என்ற பெண் எழுத்தாளரும் சேர்ந்து செய்த வேலை அது. அறைக்குள் பெண்கள் இருந்தால் பக்கத்துக்குள்ளும் பெண்கள் வருவார்கள்.

அப்படிப் பக்கத்துக்குள் வர வேண்டிய நாயகிகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் மன்னார் வளைகுடாவில் உண்மையாகவே கடலுக்குள் இறங்கும் பெண்கள் இருக்கிறார்கள். ராமநாதபுரம் கரையில் பாசி எடுப்பவர்கள். சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணி. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, காட்சிக்காக ஒன்றும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையிலிருந்து பாசியைப் பிடுங்கி மேலே வருகிறார்கள். கடல் பாதுகாக்கப்பட்ட பூங்கா ஆனபோது அவர்கள் பிழைப்புக்குத் தடை வந்தது. அவர்கள் கூடிப் பேசினார்கள். மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்போம் என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு வைத்தார்கள், உரிமைக்காகவும் வாதாடினார்கள். முன்னால் நின்ற பாம்பன் பகுதி லட்சுமி அம்மாவுக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. ஆசை, தடை, முடிவு, துணிவு என்று ஒரு நாயகிக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. தூத்துக்குடி உப்பளங்களில் சுடுவெயிலில் உப்பு வாரும் பெண்களிடமும் இப்படிப்பட்ட கதைகள் இருக்கின்றன.

அதனால் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஓவியம் தெரிந்த பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் அடுத்து வரையும் நாயகி நம் கடற்கரைக்காரியாக இருக்கட்டும். அவளுக்கு என்ன வேண்டும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பெற்றோரே, காமிக்ஸ் வாங்கித் தரும்போது பெண்ணை நாயகியாகக் கொண்ட கதையை மகளுக்கு மட்டும் கொடுத்து நிறுத்தாதீர்கள். மகனுக்கும் வாங்கிக் கொடுங்கள், அவன் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் படியுங்கள்.