உயிரணுவின் கட்டளைகளும் புதிய மருந்துகளும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியபோது, இந்நோய் வந்தால் மரணம்தான் என்ற எண்ணமே நாட்டில் பரவியிருந்தது. இன்றோ, உயிரணுவுக்குள் நடைபெறும் பேச்சையே ஒட்டுக்கேட்டு மருந்து செய்ய முனைகிறார்கள். அப்பேச்சைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

ஆண்களுக்கு மூத்திரப் பையின் கீழே நெல்லிக்காய் அளவில் புராஸ்டேட் என்னும் சுரப்பி உள்ளது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதன் உயிரணுவுக்குள் நுழைந்து, அங்குள்ள ஏற்பி என்னும் புரதத்தைப் பற்றுகிறது. அவ்வேற்பி உட்கருவுக்குள் சென்று, ‘வளர், பெருகு’ என்று கட்டளையிடுகிறது. புற்றுநோயிலும் இக்கட்டளையே நடக்கிறது. ஹார்மோனை நிறுத்தினால் கட்டி சுருங்கும் என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். 1966-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆயினும் சில ஆண்டுகளில் நோய் பெரும்பாலும் மீண்டும் தலைதூக்குகிறது. அட்ரினல் சுரப்பியும், ஏன், கட்டியுங்கூட, அந்த ஹார்மோனை உண்டாக்கிக்கொள்கின்றன! 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அபிராட்டெரோன் அவ்வுற்பத்தியைத் தடுக்கிறது. அடுத்த ஆண்டு வந்த என்சலூட்டமைடு, ஏற்பியையே அடைத்துக்கொள்கிறது.

இவற்றுக்கும் அடங்காத கட்டிகள் உண்டு. அவற்றுட் பலவற்றில் பிடென் என்னும் மரபணு அழிந்திருக்கும். அது வண்டியின் தடைக்கட்டை போன்றது. அது இல்லாவிடில் ஏகேடி என்ற புரதத்தின் வழியே வளர்ச்சிக் கட்டளை ஓயாமல் ஓடும். ஏற்பியை அடக்கினால் ஏகேடி ஓங்குகிறது. ஏகேடியை அடக்கினால் ஏற்பி ஓங்குகிறது. எனவே இரண்டையும் ஒருங்கே அடக்கிப் பார்த்தார்கள். 1101 நோயாளிகளிடம் நடந்த அச்சோதனையின் முடிவு 2021-இல் வெளியாயிற்று. எல்லோருக்கும் அபிராட்டெரோன் தரப்பட்டது. ஒரு சாராருக்கு இபட்டாசெர்டிப் என்ற ஏகேடித் தடுப்பு மருந்தும், மற்றவர்களுக்கு மருந்தற்ற மாத்திரையும் சேர்த்துத் தரப்பட்டன. பிடென் இழந்தவர்களில், மருந்து பெற்றோருக்கு நோய் முற்றாமலிருந்த இடைக்காலம் 16.5 மாதத்திலிருந்து 18.5 மாதமாயிற்று. ஆயுள் நீண்டதாகத் தெளிவாகவில்லை. நோய் தாமதப்படுவதும் ஆயுள் நீள்வதும் வேறு வேறு. மருந்தை மெச்சுவோர் இவ்விரண்டையும் குழப்பிவிடுவதை நான் ஒப்புவதில்லை.

இன்னொன்று. இன்சுலின் இடும் கட்டளையும் ஏகேடி வழியாகத்தான் செல்கிறது. ஆகையால் அதைத் தடுத்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. வயிற்றுப்போக்கும் தோல் தடிப்பும் உண்டாகின்றன. மயிலாப்பூர் மாட வீதிகளில் காலையில் உலாவும் முதியவர்களில் எத்தனை பேர் சர்க்கரைக்கு மாத்திரை உட்கொள்கிறவர்கள்! அத்தகையவர் ஒருவர் இவ்விதச் சோதனையில் சேர முன்வந்தால், இதையெல்லாம் அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்து எழுத்தில் சம்மதம் பெறவேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டின் இந்திய விதி. விரும்பும்போது விலகவும் அவருக்கு உரிமை உண்டு.

மாணவர்களே, அந்தச் சம்மதப் பத்திரம் பல பக்கங்கள் கொண்டது. உங்கள் தாத்தாவின் கைக்கு அது வருமாயின், கூடவே உட்கார்ந்து படியுங்கள். மருந்தற்ற மாத்திரை பெறும் பிரிவில் சேர்ந்தாலும் வழக்கமான சிகிச்சை கிடைக்குமா, சர்க்கரையை யார், எத்தனை நாளுக்கொருமுறை பார்ப்பார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.