யாரிடம் வழி கேட்பது?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நாங்கள் பள்ளியில் பயின்ற 1980-களில், நம் குடியிருப்புக்குரிய கடிதங்கள் பல நேரே வீடு வந்து சேர்ந்ததில்லை. ஊர்த் தெருவிலிருந்த கடையில் அவை கிடக்கும். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த செய்தி, உரியவருக்குத் தெரியும் முன்னரே கடை வாசலில் அமர்ந்திருந்தோர்க்குத் தெரிந்துவிடும். அஞ்சலட்டையாயின் படித்தே முடித்திருப்பர். ஒட்டிய உறையில் கடிதம் வந்தாலன்றி நம் பெற்றோருக்கு நிம்மதியில்லை. இன்று நம் கைகளில் கைப்பேசி இருக்கிறது. ஆயினும் நம் கேள்விகளுள் பல இன்னும் அஞ்சலட்டையிலேயே சென்றுகொண்டிருக்கின்றன. அதனை எடுத்துரைக்கவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

அஃது எவ்வாறு? இணையத்தில் தளங்களைச் சென்றடைய எண் முகவரி வேண்டும். மனிதர் நினைவில் கொள்வதோ பெயரை. பெயரைக் கூறினால் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாட்டை 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்தார். அதுவே டி.என்.எஸ். கல்வி உதவித்தொகைத் தளமாயினும், ஒரு நோயைப் பற்றிய தளமாயினும், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை விளக்கும் தளமாயினும், அதனைத் திறக்கும் முன் நம் கைப்பேசி ஒரு டி.என்.எஸ். சேவையிடம் வழி கேட்கிறது. நாமாக மாற்றாத வரையில், அச்சேவை பெரும்பாலும் நமக்கு இணைப்புத் தருவோருடையதே. பழைய முறைப்படி அக்கேள்வி மறைப்பின்றிச் செல்கிறது. ஆகவே எந்தெந்தத் தளங்களை நாடினோம் என்று அவர்களும், வைஃபை நடத்துவோரும் பட்டியலிட இயலும்.

"மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று சிலர் வினவலாம். நோயுற்றவர் மருத்துவரை நாடுவதும், அநீதிக்கு உள்ளானவர் சட்டத்தை நாடுவதும் குற்றமல்ல. ஆயினும் அதனை எவரிடம், எப்பொழுது சொல்வது என்பது அவருடைய முடிவு. சிற்றூர்களில் இணைப்புத் தருபவர், நாம் எவர்மீது முறையிட எண்ணுகிறோமோ அவருக்கே உறவினராக இருத்தல் கூடும். அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு அளிக்கும் உரிமையில் அந்தரங்கமும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 24-8-2017 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வுரிமை ஏட்டில் மட்டும் இருந்து பயனில்லை.

டி.என்.எஸ். சேவையைத் தேர்ந்தெடுக்கையில் மூன்று வினாக்களை எழுப்புக. கேள்வியை மறையாக்கி அனுப்ப வழியுண்டா? கேட்டவர் முகவரியை எத்தனை நாள் வைத்திருப்பர்? நடத்துவோர் யார், அவர்க்கு வருவாய் எது?

2017-இல் தொடங்கிய குவாட்9 இலாப நோக்கற்றது. 2021-இல் தன் தலைமையிடத்தைச் சுவிட்சர்லாந்துக்கு மாற்றிக்கொண்டது. கேட்பவரின் ஐ.பி. முகவரியைப் பதிவதில்லை என்கிறது. தீங்கானவை என்று பட்டியலில் உள்ள தளங்களுக்கு வழி சொல்லவும் மறுக்கிறது. ஆயினும் நேற்று முளைத்த போலித் தளம் அப்பட்டியலில் இராது. விழிப்பு நமக்கே வேண்டும். 2018-இல் வந்த கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 ஓர் அமெரிக்க வணிக நிறுவனத்துடையது. பதிவுகளை 25 மணி நேரத்திற்குள் அழிப்பதாக உறுதி கூறுகிறது. 2009 முதல் இயங்கும் கூகுளின் 8.8.8.8, முகவரியுள்ள பதிவுகளை 24 முதல் 48 மணி நேரத்தில் நீக்குவதாகச் சொல்கிறது. எனினும் அந்நிறுவனத்தின் பெருவருவாய் விளம்பரத்தில் உள்ளது. எம்மைக் கேட்டால் குவாட்9-ஐ முதலில் வைப்போம்.

வெறும் எண்ணை மாற்றினால் போதாது. கேள்வி அப்பொழுதும் திறந்த அட்டையாகவே செல்லும். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9-உம் அதற்குப் பிந்தியனவும் உள்ள கைப்பேசிகளில், அமைப்புகளுக்குள் "பிரைவேட் டி.என்.எஸ்." என்று தேடுக. அங்கே டிஎன்எஸ், குவாட்9, நெட் என்னும் மூன்று சொற்களையும் இடையே புள்ளியிட்டு ஆங்கில எழுத்தில் எழுதிச் சேமித்தால் உறை ஒட்டப்பட்டுவிடும். கட்டணம் ஏதுமில்லை. சில பொது வைஃபைகளில் நுழைவுப் பக்கம் திறக்காவிடில், சற்று நேரம் நிறுத்தி மீண்டும் இயக்குக.

இதன் எல்லையையும் மறைத்தலாகாது. உறையின் மேல் முகவரி இருப்பது போல, நாம் சேரும் தளத்தின் எண்ணையும், பலபொழுது பெயரையுங்கூட, இணைப்புத் தருவோர் வேறு வழியில் காண இயலும். நாம் தேர்ந்த சேவையும் நம் கேள்விகளைக் காண்கிறது; நம்பிக்கையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றுகிறோம், அவ்வளவே. ஆகவே உயிருக்கு அச்சமுள்ள வழக்கில் இதனை மட்டும் நம்பாது, வழக்கறிஞரை நேரில் காண்க.

இளைஞர்களே! இக்கழகம் இரவுப் பாடசாலையில் கையெழுத்திடக் கற்பித்தபோது, பிறர் நம் கடிதத்தைப் படித்துச் சொல்லும் நிலை நீங்கியது. இன்று இல்லம் திரும்பியதும் உங்கள் கைப்பேசியில் இம்மாற்றத்தைச் செய்யுங்கள். பின்னர் உங்கள் அன்னையின் கைப்பேசியிலும் செய்து, ஏன் செய்தீர்கள் என்பதையும் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கழகம் வாழ்க! கல்வி வளர்க!