தென்றலை நம்பிய கப்பல்



அவனியாபுரத்தில் வாழும் நமக்கு விமானச் சத்தம் பழகிப்போன ஒன்று. திருப்பலி நேரத்தில் தலைக்கு மேல் விமானம் போனால், வாசகத்தைச் சற்று நிறுத்தித் தொடர்கிறோம். நம்மைச் சுற்றிச் சமவெளிதான். ஆனால் மேற்கே தேனிப் பக்கம் போனால் மலை சுவர்போல எழுந்து நிற்கிறது. 1971 டிசம்பர் 9 அன்று மதுரையில் இறங்க வந்துகொண்டிருந்த ஆவ்ரோ விமானம் சின்னமனூர் அருகே அந்த மலையில் மோதியது. 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். நேரம் பகல்தான், ஆனால் பார்வை எட்டவில்லை.

ஐம்பது ஆண்டுக்கு ஒரு நாள் குறைய, 2021 டிசம்பர் 8, அமல உற்பவ அன்னையின் பெருவிழா. சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் பறந்த விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. தளபதி பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி இறந்தார். இயந்திரக் கோளாறு இல்லை, சதியும் இல்லை; பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் நுழைந்து, விமானி திசையுணர்வை இழந்தார் என்று முப்படை விசாரணை கண்டது.

திறமைசாலிக்கும் இது நேர்வது எப்படி? ராட்டினத்திலிருந்து இறங்கிய குழந்தை, நின்ற பிறகும் உலகம் சுற்றுவதாகத் தள்ளாடுகிறதே, அதே கதைதான். மேகத்துக்குள் அடிவானம் மறைந்ததும், விமானம் சாய்ந்து திரும்பினாலும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நேராகப் போகிறோம்' என்றே சொல்லும். 1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரைச் சோதித்தார்கள். அவர்கள் கட்டுப்பாட்டை இழக்க ஆன சராசரி நேரம் 178 விநாடி. ஒரு விசுவாசப் பிரமாணத்தை நிதானமாகச் சொல்லி முடித்தால் அதில் பாதி போய்விடும்.

மலைக்கு வேறு குணமும் உண்டு. முகட்டைத் தாண்டும் காற்று, பாறையில் ஏறிய ஆற்றுநீர் போல மறுபக்கம் சரிந்து விழுகிறது. ஆடி மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் நின்றவர்களுக்கு அதன் வேகம் தெரியும். நாலு பேர் அமரும் சிறு விமானத்துக்கோ, உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்து எஞ்சினின் பலம் குறைகிறது. அதனால்தான் மலை அறிந்த விமானிகள் மேகம் திரளுமுன் காலையிலேயே கிளம்புகிறார்கள். முகட்டுக்கு மேல் 2,000 அடியாவது இடம் விடுகிறார்கள். முகட்டை நேராக நெருங்காமல் சாய்வாக நெருங்குகிறார்கள், சட்டென்று திரும்பிவிட வசதியாக. பள்ளத்தாக்கு குறுகிய பிறகு திரும்ப நினைத்தால் வட்டமடிக்க இடம் இருக்காது.

திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். காலம் கடந்துவிட்டது, பயணம் ஆபத்து என்று புனித பவுல் எச்சரிக்கிறார். நூற்றுவர் தலைவரோ கப்பலோட்டியையும் கப்பல் உரிமையாளரையும் நம்புகிறார். அந்தத் துறைமுகம் குளிர்காலத்துக்கு வசதிப்படாது என்பது பெரும்பாலோர் கருத்து. அந்த நேரம் பார்த்துத் தென்றல் வீசுகிறது! எண்ணியது கைகூடியது என்று நங்கூரம் தூக்குகிறார்கள். பிறகு வந்தது பெரும் புயல். 276 உயிர்களும் தப்பின, கப்பல் தப்பவில்லை.

'செபம் பண்ணிட்டுத்தானே கிளம்புறோம் சாமி, ஆண்டவர் பார்த்துக்குவார்' என்று நம்மில் பலர் சொல்கிறோம். கோவில் உச்சியில் நின்ற இயேசுவிடம் அலகை கேட்டதும் ஏறக்குறைய அதுதான்: குதியும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள். அதுவும் திருப்பாடலைச் சொல்லியே கேட்டது. இயேசு குதிக்கவில்லை. கடவுளை நம்புவது வேறு, அவரைச் சோதிப்பது வேறு.

நம் பிள்ளைகளில் யாராவது நாளை விமானம் ஓட்டப் போகலாம். இப்போதைக்கு நாம் வேன் பிடித்துக் கொடைக்கானல் சலேத் மாதா திருவிழாவுக்குப் போகிறவர்கள். வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது மூடுபனி இறங்கி, ஓட்டுநர் தம்பி 'கொஞ்சம் நிறுத்திக்கிறேன்' என்று சொன்னால், 'திருப்பலிக்கு நேரமாச்சு' என்று பின்னாலிருந்து அவரை விரட்டுவது யார்? நாம்தான். அந்த இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு செபமாலை சொல்வோம். திருப்பலிக்குப் பிந்தினாலும் மாதா கோபிக்கமாட்டார்.

மலைகளின் மேல் பறக்கிறவர்களையும் அவர்களுக்காக வீட்டில் காத்திருக்கிறவர்களையும் ஆண்டவர் காப்பாராக. ஆமென்.