ஓட்டத்துக்கு மார்க் உண்டா?

"ஓட வராத பொண்ண ராணுவ அகாடமியில கழிச்சிருவாங்களா?" என்று உசிலம்பட்டி பக்கம் குழுக் கூட்டங்களில் எங்களிடம் கேட்கிறீர்கள்.

2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு பெண்களும் என்.டி.ஏ. தேர்வு எழுதுகிறார்கள். முதல் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்தார்கள். எழுத்துத் தேர்வுக்கு 900, எஸ்.எஸ்.பி. தேர்வுக்கு 900 மதிப்பெண். ஓட்டத்துக்குத் தனி மார்க் கிடையாது. ஆனா எஸ்.எஸ்.பி.யிலேயே தடை தாண்டணும், மூச்சு வாங்கி நின்னா அங்கேயே பின்தங்கிடுவாங்க.

பெரிய விஷயம் மருத்துவப் பரிசோதனை. அதில் தகுதியில்லைன்னா 1,800-க்கு எவ்வளவு வாங்கியும் சேர முடியாது. கண், பல், ரத்தம் எல்லாம் பார்க்கிறாங்க. பையனுக்கு முட்டை, பொண்ணுக்கு வெறும் குழம்புன்னு இருக்கிற வீட்டில் இதைச் சொல்லியே ஆகணும்.

ஒன்பதாவதுக்கு மேல் படிக்கிற பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் முதலில் ரத்தசோகை பார்த்துருவோம்.