தாய்க்கு ஒரு நகை

யாழ்ப்பாணத்து வீடுகளில் நகை செல்லும் வழி நெடுங்காலமாக ஒன்றே. அது தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். அம்மகளிடமிருந்து அவளுடைய மகளுக்குச் செல்லும். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707 ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்தளித்த தேசவழமையிலும் இதன் வேரைக் காணலாம். ஆதியில் தந்தைவழி வந்த முதுசம் ஆண்மக்களைச் சேர்ந்ததென்றும், தாய்வழி வந்த சீதனம் பெண்மக்களைச் சேர்ந்ததென்றும் அந்நூல் கூறுகின்றது. ஆகவே, தாயின் கழுத்திலும் கையிலும் கிடக்கும் பொன் அவளுக்குச் சொந்தமானதேயாயினும், அது என்றோ ஒருநாள் பிள்ளைகளுக்காக இறங்கப்போகும் பொன் என்பதை அவளும் அறிவாள், ஊரும் அறியும்.

இறங்குவதும் ஒரே விதமாக அன்று. மூத்தவளின் திருமணத்திற்கு அட்டியல் இறங்கும். மகன் கொழும்பிலே தங்கிப் படிக்கக் காப்பு ஈட்டுக்குப் போகும். இளையவன் கடல் கடந்து செல்லச் சங்கிலி விமானச் சீட்டாக மாறும். ஈடு வைத்தது மீளும் வீடுகளும் உள. மீளாத வீடுகளே மிகுதி. இவ்வழியைத் திருப்பி, பிள்ளைகள் ஒன்று கூடித் தாய்க்கென ஒரு நகை செய்விக்க எண்ணுவார்களாயின், அது அரிய செயல். அரிய செயலாதலின் அதனைப் பிழையின்றிச் செய்வது எங்ஙனம் என்பது சிந்திக்கத் தக்கது.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கொள்ளலாம். வடமராட்சியில் ஒரு தாய். கணவர் காலமாகிப் பத்து ஆண்டுகள் சென்றுவிட்டன. மூத்த மகன் இலண்டனில், இளைய மகன் ரொறன்ரோவில், நடுப்பிள்ளையாகிய மகள் ஊரிலே ஆசிரியை. தாயின் எழுபதாவது பிறந்த நாளுக்கு ஐந்து பவுணில் சங்கிலியும் பதக்கமும் செய்விக்கவேண்டும் என்று மூத்தவன் கூறுகின்றான். அவன் நினைப்பில் குற்றமில்லை. தன் படிப்புக்காகத் தாயின் காப்பு ஒரு சோடி போனதையும், அது மீளாததையும் அவன் மறக்கவில்லை. போனதற்கு மேலாகக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும் என்பது அவன் விருப்பம்.

மகளுக்கோ வேறோர் ஐயம் எழுகின்றது. கணவர் காலமான நாள் முதல் தாய் தோடும், மெல்லிய சங்கிலி ஒன்றும் தவிர வேறொன்றும் அணிவதில்லை. ஊரார் இன்று யாதும் சொல்லமாட்டார்கள். ஆயினும் அவளே தனக்கென விதித்துக்கொண்ட எல்லை அது. ஐந்து பவுண் சங்கிலி வந்தால் அது வங்கிப் பெட்டகத்திற்குச் செல்லும். பிள்ளைகள் கொடுத்தார்கள் என்ற பெயர் இருக்கும். தாய் அணிந்தாள் என்ற நிறைவு இராது.

மகள் ஊர்ப் பத்தரிடம் செல்கின்றாள். உலை, ஊதுகுழல், சாமணம், உரைகல் என்பவற்றுடன் நாற்பது ஆண்டு உட்கார்ந்தவர் அவர். அவர் மாதிரிப் புத்தகத்தை எடுத்து நீட்டவில்லை.

"அம்மா கழற்றாமல் இன்றைக்கும் போட்டிருப்பது எது, பிள்ளை?" என்று கேட்கின்றார்.

நகை அமைப்பதில் முதல் வினா இதுவே. ஒருவர் விரும்புவது யாதென்பதை அவர் வாயாற் சொல்வதிலும் பார்க்க, அவர் நாள்தோறும் அணிந்திருப்பது தெளிவாகச் சொல்லும். தாய் மெல்லிய சங்கிலியைக் கழற்றுவதில்லை. எனவே புதிய சங்கிலி வேண்டியதில்லை. அச்சங்கிலியில் கோத்துக்கொள்ளத் தக்க சிறு பதக்கமே போதும்.

இரண்டாவது வினா உடலைப் பற்றியது. முதுமையில் விரல் மூட்டுக்கள் தடிப்பதுண்டு. மூட்டைக் கடக்கும் அளவிற்கு மோதிரம் செய்தால் அது அடிவிரலிற் சுழலும். அடிவிரலுக்கு அளவாகச் செய்தால் மூட்டைக் கடவாது. நெடுங்காலம் தோடு தாங்கிய காதுத் துளை இறங்கியிருக்கும்; அதிற் கனமான தோடு இடுவது துன்பம். கண்பார்வை மங்கிய நிலையிற் சின்னஞ்சிறு கொளுக்கியைப் பிறர் உதவியின்றிப் பூட்ட முடியாது. உயர எழுந்து நிற்கும் கற்கட்டு சேலை நூலில் மாட்டும். இவற்றையெல்லாம் எண்ணாது அமைக்கும் நகை எவ்வளவு அழகியதாயினும் பெட்டிக்குரியதே.

மூன்றாவது வினா பொன்னின் அளவு. பத்தர் நாலு கிராம், அதாவது அரைப் பவுண், போதும் என்கின்றார். 22 கரட் பொன் என்பது இருபத்து நான்கு பங்கில் இருபத்திரண்டு பங்கு தூய பொன். நூற்றுக்கு ஏறத்தாழ 91.6 பங்கு. எஞ்சியது செம்பும் வெள்ளியும். நாலு கிராமில் 16 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டம் செய்தால் அது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பைப் பெறும். பெரிதாகத் தோன்றவேண்டும் என்று 25 மில்லிமீற்றர் ஆக்கினால் தடிப்பு அரை மில்லிமீற்றருக்கும் குறைந்துவிடும், தகடு வளையும், வெட்டிய எழுத்து சில ஆண்டுகளில் தேய்ந்து மறையும். சிறியதாயினும் தடித்ததே நெடுநாள் நிற்கும்.

அடுத்தது அதன் உருவம். இங்கே மகள் தன்னுடன் கொண்டுவந்த பொருளொன்றை எடுத்து வைக்கின்றாள். அது தாயின் திருமணப் புகைப்படம். கறுப்பு வெள்ளைப் படம், ஓரங்கள் பழுத்தவை. மணப்பெண்ணின் மடியில் இருக்கும் கைகளில் அந்தக் காப்பு ஒரு சோடி தெரிகின்றது. பத்தர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்க்கின்றார். காப்பின் மேல் முல்லையரும்புகள் வரிசையாக ஓடுகின்றன. அவ்வரிசையை அவர் கடதாசியில் வரைந்து, வளைத்து, வட்டத்தின் விளிம்பாக ஆக்குகின்றார். போன காப்பு திரும்பாது. அதன் பூ திரும்பும்.

கற்களைப் பற்றிய யோசனை ரொறன்ரோவிலிருந்து வருகின்றது. பிள்ளைகள் மூவரும் பிறந்த மாதங்களுக்குரிய கற்களைப் பதிக்கலாம் என்று இளையவன் எழுதுகின்றான். மேல்நாடுகளிலே தாய்மார்க்குரிய நகைகளில் இது பெருவழக்கு. எனினும் மாதத்திற்கொரு கல் என இன்று கடைகளில் வழங்கும் பட்டியல், 1912 ஆம் ஆண்டிலே அமெரிக்க நகை வணிகர் சங்கத்தார் கூடி வகுத்ததை அடியாகக் கொண்டது. தமிழர் அறிந்த நவரத்தினங்களோ ஒன்பது கோள்களுக்குரியவை. இரண்டில் எதனைப் பின்பற்றினும் பற்றாவிடினும், கல்லின் இயல்பை நோக்குவது இன்றியமையாதது. முத்து மென்மையானது, வியர்வையும் வாசனைத் திரவியமும் அதன் ஒளியைக் கெடுக்கும். மீட்டியாகொடையிற் கிடைக்கும் சந்திரகாந்தக்கல் அழகியது. ஆயினும் அதன் கடினத்தன்மை ஆறு, ஆறரை என்னும் அளவினதே. நீலக்கல்லின் கடினத்தன்மை ஒன்பது. அதனை விஞ்சுவது பத்து என்னும் அளவினதாகிய வைரம். நாள்தோறும் உடலோடு கிடக்கும் நகைக்கு அதுவே தக்கது.

இரத்தினபுரி மண்ணில் நீலம் மட்டுமன்றி, மஞ்சள் நிறப் புட்பராகமும், இளஞ்சிவப்புக் கல்லும் கிடைக்கின்றன. இம்மூன்றும் பெயரால் வேறாயினும் பொருளால் ஒன்றே. ஒரே கனிமத்தில் இரும்பும் தைத்தேனியமும் சிறிது கலந்தால் நீலம். இரும்பு கலந்தால் மஞ்சள். குரோமியம் கலந்தால் இளஞ்சிவப்பு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவருக்கு இதனிலும் பொருத்தமான கற்கள் வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் உரியது. நிறம் சிறக்கக் கல்லைச் சூடாக்குதல் இன்று பரவலான வழக்கம், அது குற்றமன்று, ஆனால் விற்பவர் அதனை வாங்குபவருக்குச் சொல்லவேண்டும். செயற்கைக் கல் வேறு. வேர்னோய் என்னும் பிரெஞ்சு அறிஞர் மாணிக்கத்தை உலையிலே உருவாக்கும் முறையை 1902 ஆம் ஆண்டில் வெளியிட்ட பின்னர், வெறுங் கண்ணால் இயற்கையையும் செயற்கையையும் பிரித்தறிதல் அரிதாயிற்று. 1993 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையிடம் கல்லைச் சோதிப்பித்து எழுத்தில் உறுதி பெறலாம். கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, பொன்னின் மாற்று யாது என்பவற்றையும் வேலை தொடங்குமுன் பற்றுச்சீட்டிலே எழுதுவித்தல் நன்று. பழைய நகையை உருக்கிக் கொடுப்பவர், அதில் முன்னர் வைத்த பற்றாசு கலந்திருக்கும் என்பதையும், உருக்கிய பொன்னின் மாற்று அதனாற் குறையலாம் என்பதையும் மனங்கொள்ளவேண்டும். தாயின் நகை ஒன்றை, அது உடைந்து கிடந்தாலும், அவளைக் கேளாமல் உருக்குதல் ஒருபோதும் ஆகாது.

கற்கள் எங்கே பதியவேண்டும் என்பதிற் பிள்ளைகள் ஒன்றுபடவில்லை. முன்புறத்திலே என்கின்றனர் ஆண்மக்கள். பளபளக்கும் கற்கள் முன்னே இருந்தால் அம்மா அணியமாட்டா என்கின்றாள் மகள். பத்தர் பதக்கத்தைத் திருப்பிப் பிடிக்கச் சொல்கின்றார். முன்புறம் முல்லையரும்பு மட்டும். மூன்று கற்களும் பின்புறத்தில், தகட்டோடு சமமாக, நெஞ்சைத் தொடும் பக்கத்தில்.

மறைந்திருப்பதே ஒரு நகையை ஒருவருக்கு உரியதாக்கும் என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. சிலப்பதிகாரத்திலே கண்ணகியின் சிலம்பும் பாண்டிமாதேவியின் சிலம்பும் புறத்தே ஒத்திருந்தன. ஒன்றன் உள்ளே மாணிக்கப் பரல், மற்றதன் உள்ளே முத்துப் பரல். உடைத்தபோதே உண்மை வெளிப்பட்டது. உரியவள் உள்ளிருப்பதை அறிந்திருந்தாள். மேல்நாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1840 ஆம் ஆண்டில் முதற் பிள்ளை பிறந்தபோது விக்டோரியா மகாராணியார்க்குக் கணவர் அல்பேட் கோமகன் ஒரு கைச்சங்கிலியைப் பரிசளித்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு நிறத்தில் இதய வடிவமான சிறு சிமிழ் அதிற் சேர்க்கப்பட்டது. ஒவ்வொன்றின் உள்ளும் அப்பிள்ளையின் தலைமயிர் சிறிது. 1857 இல் கடைசிப் பிள்ளை பிறந்தபின் சிமிழ்கள் ஒன்பதாயின. முடியாட்சிக் கருவூலத்திற் பெருமணிகள் எத்தனையோ இருந்தன. அவை அரசிக்கு உரியவை. இச்சிமிழ்கள் தாய்க்கு உரியவை.

பிறந்த நாளன்று மகள் பதக்கத்தைத் தாயின் கையில் வைக்கின்றாள். தாய் அதனை உள்ளங்கையிலே இட்டு நிறுப்பவள்போல மேலும் கீழும் அசைக்கின்றாள்.

"எத்தனை பவுண், பிள்ளை?"

"அரைப் பவுண், அம்மா."

"நல்லது. ஓர் அவசரத்துக்கு உதவும்."

இவ்விடையைக் கேட்டு மகள் முதலில் மனம் வாடுகின்றாள். ஆனால் அத்தாயின் வாழ்விலே பொன் எப்பொழுதும் அவ்வாறே இருந்துள்ளது. பின்னர் அவள் மூக்குக் கண்ணாடியை அணிந்து பதக்கத்தைப் பார்க்கின்றாள். அரும்பு வரிசையை விரலாற் சுற்றித் தடவுகின்றாள். சுவரிலே தொங்கும் படத்தை ஒருமுறை பார்க்கின்றாள். பின்பு பதக்கத்தைத் திருப்புகின்றாள். மூன்று கற்களையும் எண்ணுகின்றாள். யாதும் பேசாமல் சங்கிலியைக் கழற்றி மகளிடம் நீட்டுகின்றாள், கோத்துத் தரும்படி.

தாய்க்கு நகை கொடுப்போர் இறுதியாக நினைவில் வைக்கத்தக்கது ஒன்றுண்டு. கொடுத்த நகையிற் கொடுத்தவருக்கு உரிமையில்லை. 2022 ஆம் ஆண்டில் இலங்கை ரூபாவின் மதிப்பு வீழ்ந்து, அரிசியும் மருந்தும் எட்டா விலைக்கு ஏறியபோது, எத்தனையோ வீடுகளின் நகை மறுபடியும் ஈட்டுக்குச் சென்றது. அவற்றுள் பிள்ளைகள் ஆசையாகச் செய்து கொடுத்தவையும் இருந்திருக்கும். நாளை ஒரு பேரப்பிள்ளையின் தேவைக்காக இப்பதக்கத்தையும் அத்தாய் கழற்றக் கூடும். அப்பொழுது, "உங்களுக்கென்றே செய்தோமே" என்று பிள்ளைகள் குறைகூறுதல் முறையன்று. அவளுக்கென்றே செய்ததாதலால், அதனை என் செய்வதென்று தீர்மானிப்பவளும் அவளே.

மூத்த மகன் தீர்க்க விரும்பிய கணக்கு இதனால் தீரவில்லை. அது தீரும் கணக்குமன்று. ஆயினும் ஒரு சோடி காப்பு எங்கே போனது என்பதைத் தம் பிள்ளைகள் மறக்கவில்லை என்று ஒரு தாய் அறிந்துகொண்டாள். அதனை அறிவிக்க அரைப் பவுண் பொன் போதுமானதாயிற்று.